இருநூத்திப் பதினாலு பிசிறு

பேராண்டி, காலைல காப்பி குடிச்சதுலருந்து வேப்பமரத்தடில கட்டிலைப் போட்டு அந்த லேப்டாப்பையே முறைச்சுக்கிட்டு இருக்கியே, என்னடா விசயம்னு கேட்டா, "214 எரர் தாத்தா"ங்கற. நானும் பதறிப்போயி கண்ணாடியை மாட்டிக்கிட்டு வந்து பாத்தேன். தலைப்புக்குக் கீழ வெத்து வரி விடலையாம். வரிக் கடைசில ஒரு ஸ்பேஸ் தொங்குதாம். ஃபைல் முடியுற எடத்துல எண்டர் தட்டலையாம். அடப்பாவி, இதுக்கா உன் பாட்டி சுட்ட பணியாரத்தை ஆறப்போட்ட?

உன் வேலை என்னன்னு ஊருக்குள்ள கேக்கறவங்களுக்கு நான் சொல்ற விளக்கம் இதுதான்: குக்கர் வாங்கினா அட்டைப்பெட்டிக்குள்ள மடிச்சு ஒரு தாள் வைப்பாங்கல்ல, யாரும் படிக்காம பரண்ல போடுற தாள், அந்தத் தாளைக் கம்ப்யூட்டர் சாமானுக்கு எழுதுறான் எம்பேரன். கேட்டவங்க "அதுக்கு சம்பளமா?"ன்னு வாயைப் பொளக்குறாங்க. சம்பளம் மட்டுமா? அந்தத் தாள்ல கோடு, புள்ளி, வெத்து வரி எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாக்க வாசல்ல ஒரு மிஷின் வாட்ச்மேன் வேற. அவன் தலையாட்டாம ஒரு தாளும் உள்ள போகாது. அவன் பேரு லிண்டர்.

லிண்ட்டுன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நம்ம கரிசக்காட்டுல ஜின்னிங் மில்லுக்குப் போயி லிண்ட்டுன்னா கொட்டை நீக்கின பஞ்சு. பருத்தி போட்டவனுக்குக் காசே அதுலதான். உங்க ஊர்ல என்னடான்னா வேட்டில ஒட்டிக்கிட்டு வர்ற பிசிறுக்கு அந்தப் பேரு. அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல ஸ்டீபன் ஜான்சன்னு ஒருத்தர், சி மொழில எழுதின புரோகிராம்ல ஒட்டியிருக்கற பிசிறைக் காட்டிக்குடுக்க 1978ல ஒரு புரோகிராம் எழுதி லிண்ட்னு பேரு வச்சாராம். நீதான் சொன்ன. அதே 1978ல இங்க எம்.ஜி.ஆர். அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டுச்சு. தும்பிக்கை வச்ச லை, னை, ணை, சுழிச்சு எழுதுற ணா, றா, னா எல்லாத்துக்கும் சீட்டுக் கிழிஞ்சுச்சு. அவரு அங்க பிசிறு எடுத்தாரு, நாங்க இங்க எழுத்தையே எடுத்து ஈயமா உருக்கினோம்.

ஆமா, உருக்கினோம்தான். உனக்கு மறந்திருக்கும். மண்வெட்டி பிடிக்கறதுக்கு முன்னாடி உன் தாத்தன் சிவகாசில ஒரு அச்சாபீசுல கம்பாசிட்டர். அப்புறம் அங்கயே புரூஃப் ரீடர். கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி லேபிள், நாள்காட்டி, கோயில் கொடை நோட்டீஸ், எதையும் விட்டதில்ல. கையெழுத்துப் பிரதி ஓரத்துல "இது 24 பாயிண்ட், இது நடுவுல வரணும், இது தடிச்ச எழுத்து"ன்னு சிவப்பு மையில குறிச்சு எங்க கைக்கு அனுப்புவாங்க. அதுக்குப் பேருதான்டா மார்க்அப். உங்க ஆளுக அந்தச் சொல்லை அச்சாபீசுல இருந்துதான் தூக்கிட்டுப் போயிருக்காங்க, வாடகை கூடக் குடுக்கல. 1969ல ஐ.பி.எம். கம்பெனில மூணு பேரு அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோயி ஜி.எம்.எல்.னு பேரு வச்சாங்களாம். விரிச்சுச் சொன்னா ஜெனரலைஸ்டு மார்க்அப் லாங்குவேஜ். உத்துப் பாத்தா கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரின்னு மூணு பேரோட முதல் எழுத்து. கோயில் டியூப்லைட்டுல வெளிச்சமே தெரியாத அளவுக்கு "உபயம்" எழுதுறவன் நம்ம ஊர்ல மட்டும்தான் உண்டுன்னு நெனச்சிருந்தேன்.

நீ அந்தத் தாளை எழுதப் புழங்குற மார்க்டவுன் ரொம்பப் பின்னாடி வந்த பிள்ளை. 2004ல ஜான் குரூபர்னு ஒருத்தர், "மெயில் எழுதுற மாதிரி சும்மா எழுதுப்பா, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்"னு கொண்டு வந்தாரு. நல்ல மனுசன். ஆனா இலக்கணத்தைக் கொஞ்சம் தளத்தியா விட்டுட்டாரு. ஒரே ஃபைல் ஒரு எடத்துல ஒரு மாதிரியும் இன்னொரு எடத்துல வேற மாதிரியும் தெரிஞ்சுச்சு. அப்புறம் 2014ல சில பேரு உக்காந்து காமன்மார்க்னு கறாரா விதி எழுதினாங்க. தொளதொளன்னு கட்டின வேட்டிக்கு பெல்ட் போட்ட கதை. அந்த பெல்ட்டு இறுக்கமா இருக்கான்னு பாக்கத்தான் உன் வாட்ச்மேன். ஒவ்வொரு குத்தத்துக்கும் எம்.டி. 001, எம்.டி. 009ன்னு நம்பரு. அம்பது சொச்சம் எம்.டி.! எங்க பக்கத்து மில்லுக்கு ஒரே ஒரு எம்.டி.தான், அவரும் வருசத்துக்கு ஒரு தடவை ஆயுதபூஜைக்குத்தான் வருவாரு.

சரி, சீக்கிரம் முடிக்க வழி கேட்டல்ல? என்கிட்ட இல்லாத குறுக்கு வழியா?

தானே திருத்திக்கற பொத்தான் ஒண்ணு இருக்கேடா, அதை அமுக்கிரு. நீ அமுக்கின. 214 அப்படியே கரைஞ்சு 61 ஆச்சு. நீ என்னைப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு இருக்கே, லாட்டரி விழுந்தவன் கூட அப்படிச் சிரிக்கமாட்டான். சாயங்காலம் உன் டீம் லீடு பொண்ணு போன்ல கத்தினது கிணத்தடி வரைக்கும் கேட்டுச்சு. என்னன்னா, டேப் இருக்கற எடத்துல எல்லாம் ஸ்பேஸ் வைக்கச் சொல்ற எம்.டி. 010, பத்திக்குள்ள மட்டும் கை வைக்காம புரோகிராம் கோடுக்குள்ளயும் கை வச்சிருச்சு. அந்தக் கோடு ஒரு மேக்ஃபைல். மேக்ஃபைல்ல கட்டளை வரி டேப்லதான் ஆரம்பிக்கணும். ஸ்பேஸ்ல ஆரம்பிச்சா "மிஸ்ஸிங் செபரேட்டர்"னு சொல்லிட்டுப் படுத்துக்கும். உன் பக்கத்தைப் பாத்து நகல் எடுத்து ஒட்டினவன் அத்தனை பேரும் உன் குலத்தை விசாரிச்சிருப்பான்.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்த ஃபைலைப் படிக்கற மேக்குங்கற புரோகிராமையும் அதே பெல் லேப்ஸ்லதான் 1976ல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியிருக்காரு. டேப் வச்சது சரியில்லன்னு அவருக்குச் சீக்கிரமே தெரிஞ்சுபோச்சாம். ஆனா அதுக்குள்ள பத்துப் பன்னெண்டு பேரு அதை வச்சு வேலை பாத்துக்கிட்டு இருந்தாங்களாம், அவங்களுக்குச் சங்கடம் குடுக்க வேண்டாம்னு அப்படியே விட்டுட்டாராம். பன்னெண்டு பேரு முகம் பாத்ததுக்கு இன்னிக்கு உலகம் பூரா டேப் தட்டுது. ஒரே வீட்டுல பொறந்த ரெண்டு பிள்ளைக. ஒண்ணு டேப் இல்லாம சோறு திங்காது. இன்னொண்ணு வழில வந்த வாரிசு டேப்பைக் கண்டாலே அருவாளைத் தூக்குது. நடுவுல மாட்டினது நீ. கோடுக்குள்ள கை வைக்காதன்னு எம்.டி. 010கிட்ட சொல்லி வைக்க ஒரு வரி இருக்காமே, முன்னாடியே எழுதியிருக்கலாம். ஆடு ஓடினப்புறம் பட்டியைச் சாத்துறதும் ஒரு கலைதான்.

வெத்து எடம்னா உங்களுக்கு இளப்பமாப் போச்சு, பேராண்டி. எங்க அச்சாபீசுல வெத்து எடமும் ஈயம்தான். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவுல ஸ்பேஸ்னு ஒரு துண்டு, பத்தி ஆரம்பிக்க குவாட்னு ஒரு துண்டு, வரிக்கும் வரிக்கும் நடுவுல லெட்டுன்னு ஒரு தகடு. ஒண்ணு குறைஞ்சாலும் ஃபாரத்தை முடுக்கித் தூக்கும்போது எழுத்தெல்லாம் பொலபொலன்னு கொட்டிரும். ஒரு பக்கம் கோத்ததைக் கீழ கொட்டினவனை மேனேஜர் என்ன சொல்லித் திட்டுவாருன்னு உன்கிட்டச் சொன்னா உங்கம்மா என்னைத் திட்டுவா. உன் மார்க்டவுன்லயும் அப்படித்தான் இருக்கு. வரிக் கடைசில ஒரு ஸ்பேஸ் தொங்கினா பிசிறு. மூணு தொங்கினா வரி உடையும், ஆனா வாட்ச்மேன் கணக்குல அதுவும் பிசிறுதான். சரியா ரெண்டு தொங்கினா மட்டும் அது பிசிறு இல்ல, "இந்த எடத்துல வரியை உடை"ன்னு அர்த்தம். அதனால எம்.டி. 009 கூட ரெண்டைப் பாத்தா கண்டுக்கறதில்ல. நீ என்ன பண்ணின? சேவ் பண்றப்ப எல்லாத்தையும் வழிச்சு எடுக்கச் சொல்லி எடிட்டர்கிட்ட சொல்லிவச்ச. நாலு வரியா இருந்த ஆபீஸ் முகவரி ஒரே வரியா ஒட்டிக்கிச்சு. கதவு நம்பரும் பின்கோடும் கல்யாணம் பண்ணிக்கிட்டு நிக்குது.

தலைப்பு விசயத்துல வாட்ச்மேன் கட்சில நான். முதல் தலைப்புக்கு ஒரு வேலி, அதாவது அந்த # குறி. அதுக்கு அடுத்த தலைப்புக்கு ரெண்டு வேலி போடாம நேரா மூணு போட்டிருந்த. ஏன்டான்னா, "மூணு போட்டாதான் சைஸ் அழகா இருக்கு தாத்தா"ங்கற. கல்யாணப் பத்திரிகைல தாத்தா பேரு போட்டு, அப்பன் பேரை விட்டுட்டு, கீழ பேரன் பேரைப் போட்டுப் பாரேன். பேரு அழகா உக்காந்திருக்குன்னு எவனாவது சொல்லுவானா, மண்டபத்துல நாற்காலி பறக்குமா? நான் அப்படிப் பறந்த நாற்காலியைப் பாத்தவன். கண்ணு தெரியாதவங்க கம்ப்யூட்டர் வாசிச்சுக் காட்டக் கேக்கறப்ப தலைப்பைத் தலைப்பைத் தொட்டுத்தான் பக்கத்துக்குள்ள நடக்காங்கன்னு நீயே ஒருநாள் சொன்ன. எச் பட்டனைத் தட்டினா அடுத்த தலைப்பாம். மாடிப்படில நடுப்படியைப் பிடுங்கிட்டு அவங்களை ஏறச் சொல்றியா? படத்துக்கு விளக்கம் எழுதுன்னு எம்.டி. 045 கேட்டதுக்கு "படம்"னு எழுதி வச்சியே, அதுவும் இதே கதைதான்.

"எடுத்துக்காட்டு"ன்னு ஒரே தலைப்பு ஆறு எடத்துல வருது, கூடாதுன்னான் வாட்ச்மேன். நீ என்ன பண்ணின, ஒண்ணுக்குப் பின்னால முக்காப்புள்ளி வச்ச. தலைப்புக் கடைசில புள்ளி வைக்காதன்னு வேற ஒரு எம்.டி. ஓடி வந்தாரு. எலியை ஒரு பொந்துல அடைச்சா இன்னொரு பொந்துல வருதுன்னு நீ புலம்பின. எதுக்கு எடுத்துக்காட்டுன்னு ரெண்டு சொல்லு சேத்து எழுதியிருந்தா ரெண்டு பொந்தும் அடைஞ்சிருக்கும். ரெண்டு சொல்லுக்கு என்ன, கூலியா கேக்கப்போறாங்க?

வரிக்கு 80 எழுத்துக்கு மேல போகாதன்னு ஒரு விதி இருக்கே, அதுக்கு மட்டும் தாராளமா லீவு குடு. ஓட்டை போட்ட அட்டையைக் கம்ப்யூட்டருக்கு ஊட்டின காலத்துல ஒரு அட்டைக்கு 80 கட்டம், 1928ல ஐ.பி.எம். போட்ட கணக்கு. அட்டை போயிருச்சு, கணக்கு போகல. தாத்தா செத்தப்புறமும் அவரு செருப்பை வாசல்ல விட்டு வைக்கறவங்க உண்டுல்ல.

ஆனா ராத்திரில உக்காந்து தமிழ்ல மொழிபெயர்க்கறியே, பைதான் ஆளுக புழங்குற ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்டுல, அங்க நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கூத்து. அதுல தலைப்புக்குக் கீழ கோடு போடணும். கோடு தலைப்பு நீளத்துக்குக் குறையக்கூடாது. "நிறுவுதல்"னு எழுதி, நி, று, வு, த, ல், அஞ்செழுத்துன்னு விரல் விட்டு எண்ணி, அஞ்சு கோடு போட்ட. கோடு பத்தலன்னு மிஷின் கத்துது. நீ மறுபடி எண்ணுற. அஞ்சுதான். மறுபடி கத்துது. எனக்குப் புரிஞ்சுபோச்சு, ஏன்னா நானும் அப்படித்தான் எண்ணுவேன். எனக்கு "கொ" ஒரு எழுத்து இல்லடா, கொம்பு, க, கால்னு மூணு துண்டு. கேஸ்ல மூணு பெட்டிக்குக் கை போகணும். உன் மிஷினும் கம்பாசிட்டர் சாதி. ந ஒண்ணு, அது மேல இருக்கற விசிறி ஒண்ணு. ற ஒண்ணு, அதோட சுழி ஒண்ணு. வ-வும் அப்படியே. த ஒண்ணு, ல ஒண்ணு. ஆக எட்டு. ல் மேல இருக்கற புள்ளியை மட்டும் போனாப் போகுதுன்னு விட்டிருக்கு. உயிர்மெய் ஓரெழுத்துன்னு பிரம்படி வாங்கிப் படிச்சதெல்லாம் அமெரிக்காக்காரன் வாசல்ல செல்லாது. எண்ணாத. கோட்டை நீளமா இழுத்து விட்டுரு. கூடினா குத்தமில்ல, குறைஞ்சாதான் குத்தம். மொய் மாதிரி.

இப்ப 33ஆம் நம்பர் எம்.டி.க்கு வர்றேன். ஒத்துக்கறேன், அவரை வீட்டுக்கு அனுப்புற யோசனை என்னோடதுதான். "வாட்ச்மேன் கத்தினா வாட்ச்மேனுக்கு லீவு குடுடா"ன்னு வெத்தலை மென்னுக்கிட்டே சொன்னேன். கிழவன் கிண்டல் பண்றானா, நெசமாச் சொல்றானான்னு யோசிச்சிருக்க வேண்டாமா? நீ கன்ஃபிக் ஃபைல்ல ஒரு வரி எழுதின, அந்த எம்.டி. ராஜினாமா. மார்க்டவுனுக்குள்ள எச்.டி.எம்.எல். கலக்காதன்னு சொல்றவரு அவரு. 37 எடத்துல கத்திக்கிட்டு இருந்தாரு. 36 எடம் நீ படத்தை நடுவுல நிறுத்தறதுக்காக வேணும்னே கலந்தது. அதைப் பாத்துப் பாத்து அலுத்துப்போயி, 37ஆவதைத் திறந்தே பாக்கல. பச்சை டிக்கு வந்துச்சு. பச்சை டிக்கைக் கண்டதும் எந்திரிச்சு சோம்பல் முறிச்ச.

பக்கத்தைக் காட்டுடான்னேன். இங்கிலீசு அர்த்தம் எனக்கு அரைகுறை, எழுத்து முழுசாத் தெரியும். புரூஃப் பாக்கறவனுக்கு அர்த்தம் தெரியாம இருக்கறது ஒரு வரம். அர்த்தம் தெரிஞ்சவன் கண்ணு தாவிப் போகும், எங்கண்ணு தாவாது. நீ எழுதின பிரதியை ஒரு பக்கம், பிரவுசர்ல வந்த பக்கத்தை ஒரு பக்கம் வச்சு, எழுத்தெழுத்தா ஒத்துப் பாத்தேன். "இந்தக் கட்டளைல உங்க யூசர்நேம் போட்டு ஓட்டுங்க"ங்கற. கீழ கட்டளை இருக்கு. யூசர்நேமுக்கு எடத்தைக் காணோம். பிரதில இருக்கு, ரெண்டு பக்கமும் கூரான கோண அடைப்புக்குள்ள ஜம்முன்னு உக்காந்திருக்கு. பக்கத்துல இல்ல. தேஞ்ச எழுத்தா இருந்தா நெழலாவது விழுந்திருக்கும், இங்க அதுவும் இல்ல.

நீ தலையைச் சொறிஞ்ச. அப்புறம் உனக்கே வெளங்குச்சு. கோண அடைப்பைப் பாத்ததும் பிரவுசர் அதை ஒரு எச்.டி.எம்.எல். டேகுன்னு நெனச்சிருக்கு. யூசர்நேம்னு ஒரு டேகு அதுக்குத் தெரியாது, அதனால காட்டறதுக்கு ஒண்ணுமில்லன்னு முழுங்கிட்டு ஏப்பம் விட்டிருச்சு. அந்த 37ஆவது கூப்பாடு இதுக்குத்தான். கட்டளையை ரெண்டு பக்கமும் பேக்டிக் போட்டு மூடினதும் போன பேரு திரும்பி வந்துச்சு. எஸ்கேப் பட்டனுக்குக் கீழ கெடக்கற அந்தச் சாஞ்ச கீத்துக்கு இம்புட்டு சக்தி.

மூட்டை மூட்டையாப் பஞ்சு போறப்ப உள்ள ஒரு கொட்டை கெடந்தா, தள்ளி நின்னு பாக்கறவனுக்குத் தெரியாது. கை விட்டுத் துழாவுறவன் பிடிச்சிருவான். உனக்குத் துழாவ நேரமில்ல, மூட்டை எண்ணிக்கைதான் முக்கியம். 214, 61, 37, 0. ஸ்கோர் போர்டு பாக்கறவன் மாதிரி. படத்துக்குரிய டேகை மட்டும் விட்டுட்டு மத்ததைப் பிடின்னு சொல்லவும் ஒரு வழி இருக்காம்ல? அப்ப எதுக்குடா ஆளையே வீட்டுக்கு அனுப்பின? நான் சொன்னேன்னா? நான் சொன்னா நீ கேக்கற பிள்ளையா?

இப்ப அந்த எம்.டி.யைத் திரும்ப வேலைக்குச் சேத்துட்ட. 36 படமும் சட்டப்படி நிக்குது. வாட்ச்மேன் வாயைத் திறக்கல. சந்தோசமா லேப்டாப்பை மூடப்போன. கொஞ்சம் பொறு, பக்கத்தை மறுபடி காட்டு. இன்ஸ்டால் பண்றதுக்கு மூணு படி எழுதியிருக்க. முதல் படிக்கு நம்பர் 1. ரெண்டாவது படிக்கு நம்பர் என்ன? 1. மூணாவதுக்கு? 1. ஏன்டா, இது என்ன ஓட்டப்பந்தயத்துல எல்லாருக்கும் முதல் பரிசா? எல்லாத்துக்கும் 1னே போட்டு வை, மார்க்டவுன் தானா எண்ணிக்கும்னு எவனோ சொன்னானாம். எண்ணும்தான். ஆனா படிக்கும் படிக்கும் நடுவுல இருக்கற கட்டளைக் கட்டத்தை, அந்தப் படிக்குக் கீழ மூணு ஸ்பேஸ் உள்ள தள்ளி வைக்காம, இடது ஓரத்துல ஒட்டி வச்சிருக்க. அங்கயே பட்டியல் அறுந்துபோச்சு. அடுத்த படி புதுப் பட்டியலோட முதல் படி ஆயிருச்சு. கட்டத்துக்கு மேலயும் கீழயும் வெத்து வரி விடுன்னான் வாட்ச்மேன், விட்ட. பட்டியல் 1ல ஆரம்பிக்கணும்னான், மூணும் 1லதான் ஆரம்பிக்குது. மூணுக்கும் சல்யூட் அடிச்சு உள்ள விட்டுட்டான்.

"ரொம்ப அளக்காதீக"ன்னு அடுப்படில இருந்து உன் பாட்டி சத்தம் வருது, கேக்குதா? டிரங்குப் பெட்டியைத் திறக்கறா. திறக்கட்டும். எங்க கல்யாணப் பத்திரிகை உள்ள இருக்கு, எடுத்துட்டு வருவா பாரு. நானே கோத்து, நானே மூணு தடவை புரூஃப் பாத்து, நானே டிரெடில்ல ஓட்டி, 500 பத்திரிகையும் ஊரு பூரா குடுத்து முடிச்சாச்சு. கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துல எம் மச்சான் மைக்கைப் பிடிச்சு வாசிச்சான். மணமகன்னு போட்டு எம்பேரு. அதுக்குக் கீழ மணமகன்னு போட்டு உன் பாட்டி பேரு. எவனோ எழுத்தைப் பிரிச்சுப் போடறப்ப ள் போட வேண்டிய பெட்டில ன் போட்டிருக்கான், எங்கை அதை எடுத்துக் கோத்திருக்கு, எங்கண்ணு மூணு தடவையும் மணமகள்னே வாசிச்சிருக்கு.

சிரிக்காத. அந்த மூணு ஒண்ணையும் திருத்திட்டு உள்ள வா, பணியாரத்தை ரெண்டாவது தடவையா சூடு பண்ணியிருக்கா.